யார் படைத்தது என்ற கேள்வியும் ‘அந்தம் ஆதி’யும்

“எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் உண்டென்றால் கடவுளுக்குக் காரணம் யார்?” கடவுள் உண்டா இல்லையா என்று தமிழில் எங்கே பேச்சுக் கிளம்பினாலும் சற்று நேரத்தில் இந்தக் கேள்வி வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும். கேட்டவர் அதோடு கதை முடிந்தது என்று நினைப்பார். எதிரே இருக்கும் சைவர் “சிவபெருமானே முதற்காரணம், முதலுக்கு ஏது முதல்?” என்று திருப்பி அடிப்பார். கேள்வியைவிட இந்தப் பதில்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. சைவ சித்தாந்தத்தின் சொற்கணக்கில் முதற்காரணம் என்றால் மண். குடத்துக்கு மண் எப்படியோ உலகத்துக்கு மாயை என்ற மூலப்பொருள் அப்படி. சிவனே முதற்காரணம் என்று ஒரு சித்தாந்தி சொன்னால், சிவனைப் பிசைந்து உலகம் வனையப்பட்டது என்று அவர் ஒப்புக்கொண்டதாக ஆகும். அவருடைய நூல்கள் மெனக்கெட்டு மறுக்கும் கொள்கை அது.

குடம் ஒன்று வருவதற்கு மூன்று காரணம் சொல்வார்கள். மண் முதற்காரணம். குயவனின் சக்கரமான திரிகையும் தண்டும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். உலகத்துக்கு இதே வரிசையில் மாயை, சிவனின் ஆற்றலான சத்தி, சிவன். மேலைநாட்டு மெய்யியலின் கலைச்சொற்களைத் தமிழாக்கியபோது ‘முதற்காரண வாதம்’ என்று ஒரு தொடர் செய்தோம். ஏற்கெனவே ஒருவர் குடியிருந்த வீட்டில் இன்னொருவரை வாடகைக்கு வைத்தாயிற்று. இப்போது கதவைத் தட்டினால் யார் வந்து திறப்பார் என்று தெரிவதில்லை.

கேள்வியையும் சும்மா விடக்கூடாது. ஆங்கிலேய மெய்யியலாளர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1927இல் ஆற்றிய உரையில் இந்தக் கேள்விக்கு இரண்டு பாதி உண்டு. எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும் என்றால் கடவுளுக்கும் வேண்டும் என்பது முதல் பாதி. காரணமில்லாமல் ஒன்று இருக்கலாம் என்றால் அந்த ஒன்று உலகமாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே என்பது இரண்டாம் பாதி. நம் விவாதங்களில் முதல் பாதி மட்டும்தான் சுற்றுகிறது, பலவீனமான பாதியும் அதுதான். ஏனென்றால் ‘எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு’ என்று பெரிய வாதிகள் யாரும் சொல்லவில்லை. இமாம் கஸ்ஸாலி எடுத்துக்கொண்டது ‘தொடங்கியது எதுவோ அதற்குக் காரணம் உண்டு’ என்ற வரியை. 13ஆம் நூற்றாண்டின் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவைனாஸ் அந்தத் தொடக்கம்கூட வேண்டாம் என்றார். உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதை அவர் நம்பினார், ஆனால் பகுத்தறிவால் அதை நிறுவ முடியாது என்று எழுதிவைத்தார். அதே நூற்றாண்டில் நடுநாட்டில், திருவெண்ணெய்நல்லூரில், மெய்கண்டார் வேறொரு வாசல் வழியாக வந்தார்.

அந்தம் ஆதி

மெய்கண்டார் எழுதிய சிவஞானபோதம், சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூல், மொத்தம் 12 சூத்திரம், 40 அடி. கடவுள் உண்மைக்கான வாதம் முதல் சூத்திரத்தில் மூன்றே அடியில் முடிந்துவிடுகிறது:

அவன் அவள் அது எனும் அவைமூ வினைமையின்
தோற்றிய திதியே ஒடுங்கி மலத்துளதாம்
அந்தம் ஆதி என்மனார் புலவர்.

இதை ஒரே மூச்சில் வாசித்தால் வாதம் கைக்கு வராது. மூன்றாகப் பிரிக்க வேண்டும், மெய்கண்டாரே வார்த்திகம் என்ற தம் விளக்கவுரையில் பிரித்துத் தந்திருக்கிறார். ஒவ்வொரு துண்டுக்கும் மேற்கோள் (நிறுவ வேண்டிய கூற்று), அதற்கு ஏது (காரணம்), பிறகு வெண்பாவில் எடுத்துக்காட்டு என்பது அவர் வகுத்த முறை. முதல் துண்டு: அவன், அவள், அது என்று சுட்டிச் சொல்லக்கூடிய உலகம் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது. இரண்டாம் துண்டு: ஒடுங்கியது ஒடுக்கியவனிடமிருந்துதான் மறுபடி வெளிப்படும். மூன்றாம் துண்டு: ஆகவே ஒடுக்குகிறவனே முதல். ‘அந்தம் ஆதி’ என்ற இரண்டு சொல்லில் மொத்தச் சரக்கும் இருக்கிறது. முடிக்கிறவன் எவனோ அவனே தொடக்கம்.

இங்கே கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வாதம் ‘உலகம் ஒருநாள் தொடங்கியது’ என்று எங்கேயும் சொல்லவில்லை. தோன்றி, நின்று, ஒடுங்கி, மீண்டும் தோன்றும் என்றுதான் சொல்கிறது. முதல் தோற்றம் என்று ஒரு தேதி அதில் கிடையாது. கடவுளைத் தேடி இறந்தகாலத்தில் பின்னோக்கி நடந்துபோய், நடை அலுத்த இடத்தில் ‘இவர்தான் முதல்’ என்று முளை அடிக்கிற வேலை இந்தச் சூத்திரத்தில் நடக்கவில்லை. எல்லாம் ஒடுங்கிய பிறகு எது ஒடுங்காமல் நிற்கிறது என்று மறுமுனையிலிருந்து கேட்கிறது. பிரமனையோ திருமாலையோ விட்டுச் சங்காரக் கடவுளை முதல் என்று ஏன் பிடித்தார் என்பதற்கும் விடை இதுதான். படைக்கிறவனும் காக்கிறவனும் ஒடுக்கத்தின்போது சேர்ந்தே ஒடுங்கிவிடுவார்கள், கடைசியில் நிற்பவன் ஒருவனே.

‘படைத்தல்’ என்ற சொல்லும் இங்கே காலை வாருகிறது. ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்குதல் என்ற பொருளை விவிலியம் வழியாக நாம் அதற்குள் ஏற்றிவிட்டோம். பழைய வழக்கில் படைத்தல் என்பது பரிமாறுவதும்தான். படையல் போடுகிறவர் சோற்றை இன்மையிலிருந்து வரவழைப்பதில்லை, உள்ளதை எடுத்து இலையில் வைக்கிறார். சித்தாந்தத்தின் சற்காரிய வாதமும் இதையே சொல்கிறது: காரியம் காரணத்துக்குள் முன்பே இருக்கிறது, இல்லதற்குத் தோற்றம் இல்லை. அழித்தலும் அப்படியே. போதத்தின் வழிநூலான சிவஞான சித்தியார் அதை உயிர்களின் இளைப்பு ஆற்றுதல் என்கிறது. நாள் முழுக்க உழைத்தவனைத் தூங்க வைக்கிற மாதிரி.

அனாதி என்ற ஆறு

மெய்கண்டார் மரபில் வந்த உமாபதி சிவம் திருவருட்பயனில் தொடக்கமில்லாத பொருள்களை எண்ணியே காட்டிவிடுகிறார். “ஏகன் அனேகன் இருள்கருமம் மாயைஇரண்டு ஆகஇவை ஆறுஆதி இல்.” ஏகன் இறைவன். அனேகன் உயிர்கள். இருள் என்பது உயிரின் அறிவை மறைக்கும் ஆணவம். பிறகு வினையாகிய கன்மம், சுத்த மாயை, அசுத்த மாயை. ஆறும் அனாதி. திருமந்திரம் இதற்கும் முன்னாலேயே ‘பதியினைப் போற் பசு பாசம் அனாதி’ என்று சொல்லிவிட்டது. பதி இறைவன், பசு உயிர், பாசம் உயிரைக் கட்டும் கட்டு.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் கேட்ட கேள்வியை மறுபடி கேட்டுப் பாருங்கள். கடவுளைப் படைத்தது யார்? யாருமில்லை. சரி, உயிரைப் படைத்தது யார்? அதுவும் யாருமில்லை. மாயையை? யாருமில்லை. கடவுளுக்கு மட்டும் தனிச்சலுகை கொடுத்தால்தானே அநியாயம் என்று கேட்க முடியும்? இங்கே ஆறு பேருக்கும் அதே சலுகை. ஆகவே ரஸ்ஸலின் முதல் பாதி இங்கே எதையும் தொடாமல் கடந்துபோகிறது.

இரண்டாம் பாதி அப்படிப் போகாது. ஆறு பொருள் தொடக்கமின்றி இருக்கலாம் என்றால் ஐந்து மட்டும் இருந்தால் என்ன குறை? ஏகனைக் கழித்துவிட்டு மற்ற ஐந்தையும் தாமாகவே உருளவிடலாமே? சைவத்தோடு வாதாட வருகிறவர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், நம்மூரில் பழைய ஆட்கள் இதைக் கேட்டும் இருக்கிறார்கள். வேதச் சடங்குகளை ஆராய்ந்த மீமாம்சகர்கள் வேதத்தை ஏற்றார்கள், வினையை ஏற்றார்கள். வினைக்கும் பயனுக்கும் நடுவே ‘அபூர்வம்’ என்ற ஒன்று நின்று கணக்குத் தீர்க்கும், கடவுள் தேவையில்லை என்றார்கள். மனுவின் இலக்கணப்படி நாத்திகன் என்பவன் வேதத்தைப் பழிப்பவன், அதனால் கடவுளை மறுத்த மீமாம்சகன் ஆத்திகன். இன்றைய தமிழில் அவனுக்கு என்ன பெயர் வைப்பது? ஈசுவரனை ஏற்காதவர் என்று பொருள்படும் ‘நிரீச்சுரவாதி’ என்ற துல்லியமான சொல் நம்மிடம் இருக்கிறது. சித்தியாரின் பரபக்கம் என்ற பகுதியில் மறுக்கப்படும் 14 சமயங்களில் ‘நிரீச்சுர சாங்கியன்’ என்றே ஒருவர் நிற்கிறார். அந்தச் சொல்லைப் பரணில் போட்டுவிட்டு எல்லோரையும் நாத்திகக் கூடையில் கொட்டுவது சோம்பல்.

ஐந்து போதாது என்பதற்கு மெய்கண்டார் தரும் ஏது ஒற்றைத் தொடர்தான்: உள்ளதற்குச் “செய்வோர் இன்றிச் செய்வினை இன்மையின்”. மாயை சடம், அதாவது அறிவற்றது; கன்மம் சடம், ஆணவம் சடம். உயிருக்கு அறிவு உண்டு, ஆனால் ஒடுக்கத்தில் ஆணவத்தால் கட்டுண்டு ஒன்றும் தெரியாமல் கிடக்கும். எனவே இவற்றைக் கூட்டுவிக்க அறிவுள்ள, கட்டற்ற ஒருவன் வேண்டும். மொத்தக் கட்டடத்தின் பாரமும் இந்த ஒற்றைத் தூண்மேல் இறங்குகிறது. தட்டிப் பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

குடமும் புற்றும்

7ஆம் நூற்றாண்டுப் பௌத்த ஆசிரியர் தர்மகீர்த்தி இந்த வகை வாதத்தைத் தட்டிப் பார்த்தார். அவர் எடுத்த உதாரணம் புற்று. குடம் மண்ணால் ஆன உரு, அதைக் குயவன் செய்தான். புற்றும் மண்ணால் ஆன உருதான். அதையும் குயவன் செய்தான் என்று கருதலாமா? கருத மாட்டோம். ஏன்? குடத்தைக் குயவன் செய்வதைப் பார்த்திருக்கிறோம், அதனால் குடம் போன்ற பொருளைக் கண்டால் குயவனை நினைக்கிறோம். ‘உரு உடைமை’ என்ற சொல் இரண்டுக்கும் பொது என்பதற்காகச் செய்தவனும் ஒரே வகை என்று தாவ முடியாது. மலையும் கடலும் குடத்தோடு சேருமா, புற்றோடு சேருமா என்பதே தீராத கேள்வி.

மணிமேகலையின் 29ஆம் காதையைப் படித்தவர்களுக்கு இது எந்த இடத்து நோய் என்று உடனே பிடிபடும். அங்கே பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது, திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்ற மூன்றும் ஒழுங்காக அமைவதற்குச் சொல்லும் உதாரணம் எல்லோருக்கும் தெரிந்தது: இம்மலை நெருப்புடைத்து, புகையுடைமையால், அடுக்களை போல். புகையைக் கண்டு நெருப்பைச் சொல்வது செல்லும், ஏனென்றால் நெருப்பில்லாத இடத்தில் புகை இல்லை. மலைமேல் படர்ந்த மூடுபனியைப் புகை என்று எண்ணி நெருப்பு என்றால் ஏது போலியாகிவிடும். ‘உரு உடைமை’ புகையா மூடுபனியா என்பதுதான் தர்மகீர்த்தி கேட்பது. ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் கடவுளைப் பற்றி எழுதிய உரையாடல் நூல் 1779இல் வெளிவந்தது. அதில் வீட்டையும் உலகத்தையும் ஒப்பிடுகிறவரிடம் கேட்கப்படும் கேள்வியும் இதன் பங்காளிதான்.

இதற்கு ‘புற்றையும் கறையான் செய்ததல்லவா, செய்வோர் இருக்கிறாரே’ என்று பதில் சொல்லித் தப்பிக்கிறவர்கள் உண்டு. அது வாதத்தைக் காப்பாற்றாது, கறையானைத்தான் கடவுளாக்கும். என் பார்வையில் முதல் சூத்திரத்துக்கு இதைவிட நல்ல தற்காப்பு அதன் முதல் சொற்களிலேயே இருக்கிறது. ‘அவன் அவள் அது’. மெய்கண்டார் உலகத்தின் உருவத்தையோ ஒழுங்கையோ அழகையோ ஏதுவாக எடுக்கவில்லை. சுட்டி அறியப்படுவது என்ற ஒன்றை எடுக்கிறார். சுட்டி அறியப்படும் உலகம் சுதந்தரமின்றி நிற்கிறது என்பது மூன்றாம் துண்டின் ஏது. பறவையின் இறகைக் காட்டி, பார்த்தாயா என்ன நுட்பம் என்று மேடையில் வியக்கிற பேச்சுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. குயவன் உவமையை விளக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வாதத்தின் பாரத்தை அவன் தலையில் ஏற்றாமல் இருந்தால் புற்று வந்து இடிக்காது.

வேறு இரண்டு இடிகள் வரும். சடம் தானாக இயங்காது என்றா சொல்கிறீர்கள் என்று ஓர் இயற்பியல் மாணவர் கையைப் பிடிப்பார். நகர்கிற பொருள் தடுக்கப்படாதவரை நகர்ந்துகொண்டே இருக்கும், அதற்குத் தள்ளுகிற ஆள் வேண்டியதில்லை என்பது நியூட்டனுக்குப் பிந்திய பாலபாடம். இன்னொன்று, பகுதியிலிருந்து முழுமைக்குத் தாவுவது. ஒன்றிலிருந்து ஒன்று தோன்றி இருந்து இறப்பதைக் கண்டும் உலகம் என்றும் உள்ளது என்பார்களா என்று மெய்கண்டாரின் வெண்பா கேட்கிறது. கண்டது பகுதியின் இறப்பை. முழு உலகமும் ஒடுங்கியதை யாரும் கண்டதில்லை. 1948இல் பி.பி.சி. வானொலியில் கொப்பிள்ஸ்டன் பாதிரியாரோடு நடந்த விவாதத்தில் ரஸ்ஸல் இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார்: ஒவ்வொரு மனிதனுக்கும் தாய் உண்டு என்பதால் மனித இனத்துக்கே ஒரு தாய் உண்டு என்று ஆகிவிடுமா? மரபான உரைகளில் இதற்கு விடை தேடுகிறவர்கள் ஊகித்து அறிவதான கருதல் அளவையில் தொடங்கி, கடைசியில் ஆகமம் என்ற சமய நூலின் சொல்லை நம்பும் உரை அளவையில் வந்து நிற்பார்கள். அது குற்றமில்லை. காண்டல், கருதல், உரை மூன்றும் அவர்களுக்கு அளவைதான். ஆனால் எந்த அளவையில் நின்று பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிட்டுப் பேச வேண்டும். கருதலில் கிளம்பி உரையில் இறங்கிவிட்டு, பயணம் முழுக்கக் கருதல்தான் என்று கணக்குக் காட்டக்கூடாது.

வண்ணானின் சாணி

தீமைச் சிக்கலுக்கு வரலாம். 1955இல் மெய்யியலாளர் ஜே. எல். மேக்கி அதை இறுக்கிக் கட்டினார். கடவுள் எல்லாம் வல்லவர், முழுதும் நல்லவர், தீமையும் உண்டு: இந்த மூன்றையும் ஒருசேர ஏற்றுக்கொள்ள முடியாது என்றார். இது கிறித்தவக் கடவுளுக்கு வந்த சிக்கல், நமக்கில்லை என்று சிலர் தோளைக் குலுக்குகிறார்கள். திருக்குறள் உரையில் பரிமேலழகர் இறைவனின் எண்குணத்துக்குச் சைவாகமத்தின் பட்டியலைத்தான் தருகிறார். அதில் ‘பேரருள் உடைமை’யும் இருக்கிறது, ‘முடிவில் ஆற்றல் உடைமை’யும் இருக்கிறது. மேக்கிக்கு வேண்டிய இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே நிற்கும்போது தோளைக் குலுக்கி என்ன பயன்?

சித்தாந்தம் வெளியேறும் வழி மறுபடியும் அந்த ‘அனாதி’தான். தீமைக்கு வேரான ஆணவத்தைக் கடவுள் செய்யவில்லை. “நெல்லிற் குமியும் நிகழ்செம்பினிற் களிம்பும் சொல்லிற் புதிதன்று தொன்மையே” என்று போதத்தின் வெண்பா தொடங்குகிறது. நெல் முதலில் உமியில்லாமல் இருந்து, பிறகு யாரோ உமியைப் போர்த்தவில்லை. உயிர் தூய்மையாக இருந்து விழவும் இல்லை. ஆதாமின் வீழ்ச்சி போன்ற ஒரு கதைக்கு இங்கே இடமே இல்லாமல் போகிறது. ‘நல்ல கடவுள் ஏன் தீமையை உண்டாக்கினார்’ என்ற கேள்வி விழுந்துவிடுகிறது. ‘உண்டாக்காவிட்டால் போகிறது, ஏன் இன்னும் நீக்கவில்லை’ என்ற கேள்வி எழுந்து நிற்கிறது.

அதற்குச் சித்தியார் தரும் உவமையை நான் சைவ நூல்களிலேயே மிகத் துணிச்சலானது என்பேன். உடலும் மனம் முதலான கரணங்களும் மாயையிலிருந்து வந்தவை, அவையும் மலம், அதாவது உயிரைப் பற்றிய அழுக்கு. மலத்தை மலத்தால் கழுவுவது எப்படி? வண்ணானைப் பார் என்கிறது. அழுக்குத் துணியை வாங்கியதும் அவன் அதன்மேல் சாணியையும் உவர்மண்ணையும் ஏற்றுகிறான். துணி கொடுத்தவர் அந்த நேரத்தில் துறைக்கு வந்து பார்த்தால், கொடுத்ததைவிட மோசமாகக் கிடக்கிறதே என்று சண்டைக்கு வருவார். உவர்மண்ணில் இருக்கும் காரம் துணியில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து சவர்க்காரம்போல் ஆகிறது. பிறகு கல்லில் அடித்து நீரில் அலசினால் பழைய அழுக்கும் புதிய சாணியும் ஒன்றாகப் போகும். இறைவன் உயிருக்கு உடல் கொடுத்துத் துன்பத்தில் இறக்குவதும் இதே தொழில் என்கிறது பாட்டு.

உவமை ஓடும் தூரம் ஓடுகிறது. ஆனால் 1979இல் மெய்யியலாளர் வில்லியம் ரோ கொண்டுவந்த மான்குட்டியை இதன் முன்னால் நிறுத்தினால் தயங்குகிறது. காட்டுத்தீயில் வெந்து, யார் கண்ணிலும் படாமல், சில நாள் துடித்துச் செத்த குட்டி. சித்தாந்தி சொல்வார்: அதுவும் ஒரு பசு, அதாவது உயிர்; அதற்கும் பழவினை உண்டு, இது அதன் கழுவல். முரண்பாடு இல்லாத பதில்தான். ஆனால் இதே பதில் சேரியில் பிறந்தவனைப் பார்த்து, பசியில் கிடப்பவனைப் பார்த்து எத்தனை நூற்றாண்டு சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். தர்க்கத்தில் ஓட்டையில்லாத பதில் ஊரில் எந்த வேலைக்குப் பயன்பட்டது என்று பார்க்காமல் அதை மெச்ச எனக்கு மனம் வரவில்லை.

போதத்தின் அதே வெண்பா சூரியனையும் தாமரையையும் காட்டி முடிகிறது. ஒரே வெயிலில் ஒரு மொட்டு மலர்கிறது, இன்னொன்று வாடுகிறது. சூரியனுக்குப் பாரபட்சம் இல்லை, பக்குவத்தில்தான் வேறுபாடு. அருமையான உவமை, ஆனால் கேள்வி மொட்டுக்கு இடம் மாறிவிடுகிறது. எல்லா உயிரும் அனாதி, எல்லாவற்றையும் பிடித்த ஆணவமும் அனாதி. எல்லோருக்கும் ஒரே அளவு காலம் ஆகியிருக்கும்போது ஒருவர் மட்டும் முன்னே பக்குவமானது எப்படி?

உமாபதி சிவம் சிவப்பிரகாசத்தில் இதற்கு விடை வைத்திருக்கிறார். ஆணவம் ஒன்றே, அதற்குச் சத்திகள் எண்ணற்றவை. ஒவ்வொரு சத்தியும் ஓர் உயிரைப் பிடித்திருக்கும், “தம்கால எல்லைகளின் மீளும்”. அதாவது, தனக்குரிய கெடு வந்ததும் பிடியை விடும். சரி, அந்தக் கெடுவை வைத்தது யார்? ஆணவமே வைத்தது என்றால், அது சடம். சடத்துக்கு நாள் பார்க்கத் தெரியுமா? செய்வோர் இன்றிச் செய்வினை இல்லை என்று முதல் சூத்திரத்தில் சொன்னதை இங்கே மறந்துவிட வேண்டுமா? இறைவன் வைத்தான் என்றால், இன்று விடுவிக்கக்கூடியவனை நாளை விடுவிக்கிறான் என்று மேக்கி மறுபடி வாசலில் வந்து நிற்பார். அதே செய்யுளின் பின்பகுதி மலத்தைப் பக்குவப்படுத்தும் வேலையைத் திரோதான சத்தியிடம், சிவனின் மறைக்கும் சத்தியிடம், கொடுக்கிறது. அந்த வேலையைச் செய்வதாலேயே அதையும் மலம் என்று சொல்வதுண்டு என்றும் சேர்த்துக்கொள்கிறது. ஒரே பாட்டு. முன்பாதியில் கெடு மலத்தின் கையில், பின்பாதியில் வேலை சிவனின் சத்தி கையில்.